உடனுறை வாழ்வு

உயிர்கள் வினையை ஈட்டுவதும் அதன் பயனை நுகர்வதும் தனித்தனியே ஆம். ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீர்வதில்லை. ஒருவன் செய்த தீவினையை மற்றொருவன் கழிப்பதும் இல்லை. ஆயின் உயிர்கள் பிறப்பதும் வளர்வதும் நோயுற்றுக் கிடப்பதும் இறப்பதும் பிறரிடையே ஆம். வினை தனிமையிலும் வாழ்க்கை கூட்டத்திலும் அமைந்துள்ள இவ்விரட்டை நிலையை நோக்குவார்க்கு ஒரு வினா எழும். மக்கள் எங்ஙனம் உடனுறைதல் அறம்? ஒருவரோடொருவர் கலந்து தத்தம் தனிமையை முற்றும் இழந்து வாழ்வதோ? அன்றி ஒவ்வொருவரும் தத்தம் கதவை அடைத்துக் கொண்டு அயலான் முகம் அறியாது வாழ்வதோ? இவ்விரண்டுமன்றி வேறொரு நெறியும் உண்டோ? இவ்வினா வீடு கட்டுவோர்க்கு மட்டும் உரியதன்று. வீடுபேறு வேண்டுவோர்க்கும் உரியது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் கருத்து.

நூல்களில் மட்டும் விடை தேடாது நிலத்திலும் தேடுவார்க்குத் திருமயம் நல்லதோர் இடமாம். புதுக்கோட்டைச் சீமையின் தென்பாலுள்ள இவ்வூரைச் சூழ்ந்து இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி முதலிய நகரத்தார் ஊர்கள் உள்ளன. நகரத்தார் சிவநெறியிற் பிறழாத வணிகர். இளையாத்தங்குடி முதலிய ஒன்பது கோயில்களைத் தம் குலத்தின் பிரிவுகட்கு நிலைக்களமாகக் கொண்டவர். ஆடவர் பாதரக்குடி மடத்திலும் பெண்டிர் துலாவூர் மடத்திலும் உபதேசம் பெறும் வழக்கினர். பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் பொருளீட்டிய இவர்கள் தம் ஊர்களில் எடுத்த பெருமனைகளைக் காண வருவார் அவற்றின் தேக்குத் தூண்களையும், சுண்ணச் சுவரின் மெருகையும், இத்தாலியிலிருந்து வந்த சலவைக் கல்லையும் கண்டு வியந்து மீள்வர். வியக்கத்தக்கது அவற்றினும் வேறொன்று உண்டு. அஃது அம்மனைகளில் மக்கள் வாழ்ந்த முறை.

தெருவை நோக்கிய முகப்பு, அதனை அடுத்த திண்ணை, அதன் உட்புறத்தே வானம் பார்த்த முற்றத்தோடு கூடிய வளவு, வளவைச் சூழ வரிசையாக அறைகள், அதற்கப்பால் இரண்டாங்கட்டு, இறுதியில் அடுப்படி என இம்மனைகள் ஒரு தெருவிற் புகுந்து மறு தெருவிற் புறப்படும் அளவு நீண்டு கிடப்பன. வளவைச் சூழ்ந்த அறைகளுள் ஒவ்வொன்றும் மணமான ஒவ்வொரு மகனுக்கு உரியது. மகனுக்கு மணம் நிகழ்ந்த சின்னாளில் அவனையும் அவன் மனைவியையும் ‘வேறுவைத்தல்’ என்பது வழக்கு. வேறுவைத்தலாவது வீட்டை விட்டுப் போக்குதலன்று. அவ்வீட்டினுள்ளேயே அவர்கட்குத் தனியடுப்பு வகுத்துக் கொடுத்தல். பாத்திரமும் பண்டமும் அளிக்கப்படும். ஆண்டுக்கு வேண்டும் நெல் முதலியன குடும்பத்தின் பொதுவினின்று அளந்து தரப்படும். அவ்வளவைக் கொண்டு செட்டாக நடத்தி மிச்சம் பிடிப்பது அவ்விளைய குடும்பத்தின் திறம். இங்ஙனம் வேறுபட்ட ஒவ்வொரு தம்பதியும் ஊர்க்கணக்கில் ஒரு ‘புள்ளி’ எனப்படுவர். கோயிற்கு இறுக்கும் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று வகுக்கப்படும். எனவே மணம் செய்து கொண்ட இளைஞன் தன் தந்தையின் கூரையின் கீழ் இருந்தவாறே கோயிற் கணக்கில் தனியனாக நிற்கின்றான்.

முற்றம் ஒன்று, அடுப்புப் பல. வாயில் ஒன்று, வரவு செலவுக் கணக்குப் பல. திருமணமும் மணிவிழாவும் நிகழுங்கால் தனியடுப்புகள் அவிய, பொது அடுப்பு எரியும். முன்னோரை நினைந்து செய்யும் படைப்பு நாளிற் பங்காளிகள் அனைவரும் ஒருங்கு கூடுவர். ஆடவர் பொருள்வயிற் பிரிந்து கடல் கடந்து மூன்றாண்டு உறைந்த காலத்தும், அவர்தம் மனைவியரும் மக்களும் துணையற்றுப் போகவில்லை. குழந்தை அழுதால் எடுக்கப் பத்துக் கைகள் இருந்தன. அதே வேளையில் இன்று என் இல்லில் யாது சமைப்பது என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்க வேண்டுவதும் இல்லை.

இவ்வமைப்பின் அருமை யாதெனின், அது மக்கள் மனத்தின் இயல்பை அறிந்து வகுக்கப்பட்டமையாம். அடுப்பு ஒன்றாக இருந்தால் பூசல் விளையும் என்பதை அறியாதார் யார்? நெய் யாருடைய இலையில் மிகுந்தது, கறி யாருடைய குழந்தைக்குக் குறைந்தது என்னும் சிறு கணக்குகளே பெருங்குடும்பங்களைப் பிளந்தன. எல்லாரும் ஓரடுப்பில் உண்ணும் பெருங்குடும்பத்தின் சுமை முழுதும் மருமகளிர் தோளில் விழுவதும் உலகறிந்ததே. அவர்தம் உழைப்பு பொதுவில் மறைந்து போகும். குறை மட்டும் அவர் பெயரில் நிற்கும். தனியடுப்பு அவர்க்கு ஓர் எல்லையையும் அவ்வெல்லையினுள் ஓர் உரிமையையும் தந்தது. முற்றமோ அவ்வுரிமை தனிமையாகிப் பாழ்படாதவாறு காத்தது.

இனி, இதனைச் சித்தாந்தத்தோடு பொருத்தி நோக்குவாம். இறைவனுக்கும் உயிர்க்கும் உள்ள இயைபை நம் ஆசிரியர் ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூவகையாக வகுத்தனர். உடலும் உயிரும் போலக் கலப்பினால் ஒன்று. கண்ணொளியும் கதிரொளியும் போலப் பொருட்டன்மையால் வேறு. கண்ணொளியோடு உயிரின் அறிவு நின்று காண்பது போல உயிர்க்குயிராய் நின்று செலுத்துதலால் உடன். அத்துவிதம் என்னும் சொல்லுக்கு ஒன்று எனப் பொருள் கொண்டு உயிரின் தன்மையையே அழிப்பாரையும், இரண்டு எனக் கொண்டு இறைவனைப் புறத்தே நிறுத்துவாரையும் ஒருங்கே மறுத்து, இரண்டற்ற நிலையே அதன் பொருள் என நாட்டியது மெய்கண்டார் மரபு. முத்தியிலும் உயிர் அழிவதில்லை, அழிவது தற்போதமே.

இறைவனுக்கும் உயிர்க்கும் உள்ள இயைபு, உயிர்க்கும் உயிர்க்கும் இடையே முழுதும் பொருந்தாது. உயிர் உயிர்க்கு உயிராதல் இல்லை. ஆதலின் ஈண்டுக் கூறுவது ஒருபுடை ஒப்புமையே என்க. ஆயினும் அவ்வொப்புமை வாழ்க்கைக்குப் பெரிதும் உதவுவது. பொருளிரண்டு தத்தம் தன்மை கெடாது பிரிவின்றி நிற்றல் கூடும் என்பதைச் சித்தாந்தம் நம் அறிவிற்குப் பழக்கி வைத்துள்ளது. அங்ஙனம் பழகிய அறிவுடையார், குடும்பமென்றால் ஓரடுப்பு, தனிமையென்றால் தனிவீடு என்னும் இரண்டே வழிகள் உள எனக் கருதார். வேறாகியும் உடனாதல் என்னும் மூன்றாம் வழியை அவர் எளிதிற் காண்பர்.

இதற்குத் திருத்தொண்டர் வரலாற்றிலும் சான்று உண்டு. திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்ற காலத்து ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் அத்தலத்திலேயே தங்கி அடியாரை உண்பித்தனர். இருவரும் ஒருவரையொருவர் அப்பர் என்றும் பிள்ளையார் என்றும் போற்றிய பேரன்பினர். ஆயினும் மடம் ஒன்றன்று, இரண்டு, அடுப்பும் இரண்டு. இறைவன் கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசுமாகத் தனித்தனியே வைத்தருளினன். அரசர் மடத்தில் அடியார் உரிய போதில் உண்ண, பிள்ளையார் மடத்தில் உணவு தாழ்த்தது. அவர் வினவியபோது, தமக்குக் கிடைத்த காசு வட்டம் கொடுத்தே மாறத் தக்கதாயிருப்பதும், அரசர் காசு குறைவற்றதாயிருப்பதும் தெரியவந்தன. அரசர் கைத்தொண்டு செய்தலின் அங்ஙனம் ஆயிற்று என உணர்ந்த பிள்ளையார் அதற்காக அழுக்காறு கொண்டாரில்லை. இறைவனையே பாடி வாசி தீர்த்துக் கொண்டனர். இரண்டு அடுப்புகள் அருகருகே எரியும்போது ஒப்பீடு எழுதல் இயல்பு என்பதும், அவ்வொப்பீடு பகையாகாது தொண்டின் அருமையை உணர்த்தும் வாயிலாகவும் ஆகலாம் என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும். உடனுறைவாரை இணைப்பது ஓரடுப்பு அன்று. இரண்டடுப்பும் எதன்பொருட்டு எரிகின்றன என்னும் கருத்தின் ஒருமையே ஆம்.

இத்துணைச் சிறந்த நகரத்தார் மனைகள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதை எண்ணுங்கால் உள்ளம் வருந்தும். 1942இல் சப்பானியர் பர்மாவிற் புகுந்தமையாலும் பின்னர் அந்நாட்டில் நேர்ந்த மாறுதல்களாலும் கடல் கடந்த பொருளில் பெரும்பகுதி அழிந்தது. கல்வியும் தொழிலும் மக்களைச் சென்னைக்கும் பிற நாடுகட்கும் ஈர்த்தன. தலைமுறை தோறும் பங்கு பிரிந்து பிரிந்து ஒரு மனைக்குப் பலர் உரியராயினர். பலர்க்கு உரியதைப் பழுது பார்ப்பார் ஒருவரும் இலர். சில மனைகள் இடிக்கப்பட்டு அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. சில விருந்தினர் விடுதிகளாயின. பல பூட்டிக் கிடந்து மணத்திற்கும் படைப்பிற்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் உலக மரபுச் சின்னங்கட்குரிய முன்பட்டியலில் இந்திய நாட்டின் சார்பில் சேர்க்கப்பட்டன. கல்லும் மரமும் போற்றப்படுதல் நன்றே. ஆயின் கல்லையும் மரத்தையும் அங்ஙனம் அடுக்கச் செய்த வாழ்முறையைப் போற்றுவார் யார்?

இஃது ஒரு குலத்தின் துயர் மட்டும் அன்று. ஊர்தோறும் மக்களைப் படிப்பித்துத் தொலைவிற் போக்கிவிட்டுப் பெரிய வீட்டில் விளக்கேற்றத் தாமொருவரே எஞ்சி நிற்கும் முதியோர் பலர். நகரங்களில் ஒரு கட்டடத்தில் நூறு குடும்பங்கள் ஒன்றன்மேலொன்றாக உறைகின்றன. ஒரு சுவருக்கு அப்பால் நோயுற்றிருப்பார் இருப்பதை இப்பால் இருப்பார் அறியார். முன்னையது தனிமை, பின்னையது கூட்டத்தினுள்ளே தனிமை. கைக்குழந்தையோடு தனித்திருக்கும் இளந்தாய்க்கும், துணையை இழந்த முதியவர்க்கும் இவ்விரண்டும் ஒன்றே.

மேல்நாட்டாரும் இத்துன்பத்தை உணர்ந்து ஒரு வழி தேடினர். டென்மார்க்கு தேசத்துக் கட்டடக்கலைஞர் யான் குட்மண்ட்-ஹோயர் என்பார் 1964இல் நண்பர் சிலரைக் கூட்டி, தத்தமக்குத் தனிவீடும் யாவர்க்கும் ஒரு பொதுமனையும் அமைந்த சிற்றூர் ஒன்றை நாட்டக் கருதினர். கோப்பன்கேகன் நகரின் புறத்தே நிலமும் வாங்கினர். அயலார் எதிர்த்தமையால் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. 1967இல் பூடில் கிரா என்னும் அம்மையார், குழந்தைகட்கு நூறு பெற்றோர் வேண்டும் என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதினர். அதனைப் படித்தோர் பலர் ஒன்று சேர்ந்தனர். 1972இல் செட்டடாமன் என்னும் குடியிருப்பு 27 வீடுகளோடு எழுந்தது. அடுத்த ஆண்டில் ஹோயர் கருதியதும் ஸ்க்ரோபிளானெட் என்னுமிடத்தில் கைகூடியது. 1988இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் இருவர் எழுதிய நூலால் இம்முறை ‘கோஹவுசிங்’ என்னும் பெயரோடு ஆங்கிலம் வழங்கும் நாடுகளிற் பரவியது. 1991இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் அந்நாட்டின் முதற்குடியிருப்பு அமைந்தது.

அவற்றின் அமைப்பு யாதெனின்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் அடுப்போடு கூடிய தனிவீடு, யாவர்க்கும் பொதுவான பெருமனை, அதில் வாரத்திற் சில நாள் முறைவைத்துச் சமைத்துப் பொதுவில் உண்ணல், குடியேறுவோரே தொடக்கத்திலிருந்து கூடியிருந்து திட்டம் வகுத்தல், தலைவன் ஒருவன் ஆணையின்றித் தாமே கலந்து முடிவு செய்தல். இவற்றைக் கேட்பார், வளவும் தனியடுப்பும் பொது விருந்தும் பல்லாயிரங் காவதத்திற்கு அப்பால் வேறொரு மொழியிற் பெயர் பெற்று நிற்பதைக் காண்பர். அந்நாட்டார் நம் நாட்டைக் கண்டு கற்றனர் என்பது கருத்தன்று. உயிரின் குறை எங்கும் ஒன்றே ஆதலின் மருந்தும் ஒத்திருக்கின்றது என்பதே கருத்து.

அற்றேல், பற்றறுத்தலை வேண்டும் சைவர்க்கு இக்கூட்டு வாழ்க்கை எற்றுக்கு? இருக்கும் பற்றுப் போதாதென்று பத்துக் குடும்பத்தின் பற்றையும் சேர்த்துக் கொள்வதோ எனின்: அறியாது கூறினாய். பற்று என்பது பொருளின் அண்மையால் விளைவதன்று. ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கால் விளைவது. தனித்திருப்பான் தன் செருக்கை அறியான். அதனை எதிர்த்து நிற்பார் அங்கு இலர் ஆதலின். பாத்திரத்தின் களிம்பு புளியிட்டுத் தேய்க்கும் போதன்றோ வெளிப்படும்? பிறரோடு உறைவான் ஒவ்வொரு நாளும் தன் விருப்பம் ஒன்றேனும் மறுக்கப்படக் காண்பான். தண்ணீர் முறையிற் பொறுத்தலும், பிறர் குழந்தையின் அழுகையிற் சினவாமையும், தான் சமைத்த உணவைப் பிறர் குறை கூறக் கேட்டு அடங்குதலும் சிறியவாகத் தோன்றினும் ஆணவத்தைத் தேய்க்கும் புளியாம். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலம் நீங்கிய சீவன்முத்தர்க்குங்கூட மெய்யன்பரோடு கூடியிருத்தலை விதித்தது. முத்தர்க்கே கூட்டம் வேண்டுமாயின் பெத்தர்க்கு அது வேண்டா என்பார் யார்?

மற்றொரு தடையும் உண்டு. இது முன்னையதினும் வலியது. நகரத்தார் மனை பிறப்பால் ஒன்றுபட்டவர்க்கே உரியது. மேல்நாட்டுக் குடியிருப்புகளோ பெரும்பாலும் பொருளுடையார்க்கே எய்தக்கூடியன. எனவே இவ்வாறு கூடிவாழ்தல் ‘யான்’ என்பதனை ‘யாம்’ என விரித்ததேயன்றி வேறென்னை? ஒருவனுடைய ஆணவம் முப்பது குடும்பத்தின் ஆணவமாகிய பின் அதன் வலி குறையுமோ, மிகுமோ?

இத்தடையை எளிதில் ஒதுக்குதல் கூடாது, இஃது உண்மையே. மதில் சூழ்ந்த அன்பு மதிலுக்குப் புறத்தே நிற்பார்க்கு வன்மையாகவே தோன்றும். சாத்தமங்கையில் நிகழ்ந்ததனை ஈண்டு நினைத்தல் தகும். அங்குத் திருநீலநக்கர் மனையில் தங்கிய திருஞானசம்பந்தப் பிள்ளையார், தம்முடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் அன்றிரவு தங்க இடம் அருளுமாறு கூறினர். யாழ்ப்பாணர் அக்காலத்துக் குலவழக்கால் அம்மனையிற் புகத்தகாதவர். நீலநக்கரோ அவரை மனையின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதியின் அருகே இடங்கொடுத்து இருத்தினர். அத்தீ அவிந்திலது, வலமாகச் சுழித்து மேலோங்கி எரிந்தது. இதன் பொருள் தெளிவு. அடுப்பின் தூய்மை யாரை விலக்கினோம் என்பதால் வருவதன்று. யாரை அருகிருத்தினோம் என்பதால் வருவது. ஆதலின் இனி எழும் உடனுறை மனைகள் குலத்தையோ செல்வத்தையோ வாயிற்காவலாக வைத்தால், அவை பழைய வளவின் புறவடிவை மட்டும் பெற்று உயிரை இழந்தனவாம். கைம்பெண்டிர்க்கும், மக்களற்ற முதியோர்க்கும், பொருளிற் குறைந்தார்க்கும் சில அறைகளேனும் வகுத்து வைத்தல் அவற்றிற்கு அழகன்று, அடித்தளம்.

இனி, இத்தகைய வாழ்வை நாட்டுதற்கும் வளர்த்தற்கும் உரிய வழி யாது? அன்பு மட்டும் போதும் என்பாரும் உளர். போதாது என்பதற்குத் திருமயத்துக் குன்றே சான்று. அக்குன்றின் சரிவில் சத்தியகிரீசுவரர் குடைவரையும் சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரையும் அருகருகே உள்ளன. இரண்டும் பல நூற்றாண்டுகளாக அயலவை. அவற்றிற்குரிய வருவாயைப் பற்றிச் சைவர்க்கும் வைணவர்க்கும் நெடுநாள் வழக்கு நிகழ்ந்தது. கி.பி. 1245இல் ஹொய்சள வேந்தனுடைய தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் அவ்வழக்குத் தீர்க்கப்பட்டு, இன்னார்க்கு இவ்வளவு எனப் பங்கு வகுத்துக் கல்லிற் பொறிக்கப்பட்டது. இரு சாராரும் கடவுட்பற்று உடையரே. ஆயினும் கணக்கு எழுதப்படாதவரை அமைதி உண்டாகவில்லை. கணக்கு எழுதப்பட்ட பின்னரோ இரு கோயில்களும் ஒரே குன்றில் இன்றளவும் மணியோசை கேட்க நிற்கின்றன. எனவே உடனுறைவார் முதலிற் செய்யத்தக்கது, எது பொது, எது தனி, பொதுவிற்கு யார் எவ்வளவு இறுப்பது, பிரிந்து போக விரும்புவார்க்கு எவ்வாறு தீர்ப்பது என்பனவற்றை மனம் ஒத்திருக்கும் காலத்திலேயே எழுதி வைத்தல். பூசல் எழுந்த பின் எழுதப் புகுவது வெள்ளம் வந்த பின் அணை கோலுதலை ஒக்கும். தீர்வு எழுதாமையாலன்றோ பெருமனைகள் பலர்க்கு உரியனவாகி ஒருவராலும் காக்கப்படாது பூட்டுண்டன?

இரண்டாவது, பொதுப்பணி யாவர்க்கும் முறையாக வருதல் வேண்டும். பொதுவடுப்பு என்று பெயரிட்டுப் பெண்டிர் சிலரே நாளும் புகையில் நிற்பாராயின் அது பழைய கொடுமையின் புதிய பெயரே ஆம். கைத்தொண்டு அரசர்க்கே பெருமை தந்ததாயின் ஏனையோர்க்கு இழிவாதல் எங்ஙனம்? ஆடவரும் உழவாரம் ஏந்தியவரின் வழியினரே என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, நாள்தோறும் ஒருமுறையேனும் யாவரும் கூடும் ஓரிடமும் ஒரு செயலும் வேண்டும். சைவர் உறையுமிடத்து அது வழிபாடாதல் இயல்பு. பிறர் உறையுமிடத்து அஃது உணவாகவோ குழந்தைகட்குக் கதை கூறலாகவோ அமையலாம். கூடுதற்கு ஏதுவில்லாத முற்றம் வெறும் வெளியே.

நான்காவது, அளவு. ஒருவர் முகத்தை மற்றவர் அறியாத அளவிற்குக் குடியிருப்புப் பெருகுமாயின் அது மீண்டும் நகரமாகிவிடும். டென்மார்க்கு நாட்டார் முப்பது வீடுகளின் அளவிலே நின்றமை அறிவுடைமை. வளர்ச்சி என்பது ஒன்று பெருத்தலன்று. ஒன்றைக் கண்டு மற்றொன்று எழுதல். ஆலமரம் தன் அடியைப் பருக்கச் செய்து மட்டும் பரவுவதில்லை. விழுதுகளை இறக்கிப் பரவும். ஒவ்வொரு விழுதும் தானே நிலத்தைத் தொட்டு வேர் கொண்ட பின்னரே தாங்கும். அவ்வாறே நன்கு நடக்கும் உடனுறை மனை ஒன்றைக் கண்டார், அதன் குற்றங்களையும் கேட்டறிந்து, தம் ஊரிற்கு ஏற்ப வேறொன்று தொடங்குவர். பறையறைந்து பரப்புவதினும் இது மெல்லியது. ஆயின் நிலைபேறு உடையது. பூட்டிக் கிடக்கும் பெருமனைகளை உரியோர் மனமொப்பித் திறந்து இவ்வகைக்குத் தருவாராயின், புதிதாகக் கட்டவேண்டுவதும் இல்லை. வளவும் முற்றமும் ஆங்கே முன்னரே காத்திருக்கின்றன.

இறுதியாக ஒன்று. உடனுறை வாழ்வு துன்பமற்ற வாழ்வு என எண்ணிப் புகுவார் ஏமாறுவர். அயலான் அயலானாகவே இருப்பான்; அவன் வினை அவனுடையது. அவனைத் தன்னைப்போல் ஆக்க முயல்வது ஒன்றாக்கும் பிழை. அவனை மறந்து கதவடைப்பது வேறாக்கும் பிழை. அவன் வேறாக இருக்கவும் அவனோடு உடனாக இருத்தலே அரிய பயிற்சி. உயிர்தோறும் வேறறக் கலந்தும் எவ்வுயிரின் தன்மையையும் அழியாது, அதன் குற்றமனைத்தையும் பொறுத்து, அதற்கு வேண்டும் காலமெல்லாம் காத்து உடன் நிற்பவன் இறைவன் ஒருவனே. ஒரு முற்றத்தைச் சூழப் பத்துக் குடும்பங்கள் வாழும் வீட்டில், அப்பெருமானது பொறுமையின் ஒரு திவலையையேனும் மக்கள் கற்பாராயின், அவ்வீடு வீட்டுநெறிக்கு ஒரு படியாதல் ஒருதலை.

திருச்சிற்றம்பலம்